லௌரி நெஞ்சில் வாங்கியபோது

பெரியகுளம்,
19.2.2020

அன்புள்ள மல்லிகா,

"ஆல்-ஸ்டார் எப்படிடீ இருந்தது, நைட் டியூட்டியில் ஒன்றுமே பார்க்கலை" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அமெரிக்க என்.பி.ஏ. பாஸ்கெட்பாலின் நட்சத்திரங்களெல்லாம் இரண்டு அணியாக நின்று ஆடுகிற அந்த ஆட்டத்தைப் பற்றி நாலு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் பழைய மாதிரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாளுக்கு நாலு தடவை சொட்டு மருந்து விடவேண்டும், அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆறு மாதமாக யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தவள். உன்னையும் விசாரித்தாள். மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

சரி, ஆல்-ஸ்டார் நடந்த சிகாகோவுக்கு வருகிறேன்.

பாஸ்கெட்பால் வீரர் கோபி பிரையன்ட் இறந்த செய்தி வந்த காலை உனக்கு ஞாபகம் இருக்கும். ஜனவரி 27, திங்கட்கிழமை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அபி போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். "அம்மா, கோபி பிரையன்ட்" என்றாள், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கலிபோர்னியாவில் கலபாசஸ் மலையில் ஹெலிகாப்டர் மோதி ஒன்பது பேர். அவருக்கு 41 வயது. கூடவே மகள் ஜியானா. பதின்மூன்று வயதுப் பிள்ளை, பாஸ்கெட்பால் ஆடப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அபிக்கும் அதே பதின்மூன்றுதான். அன்று சாயங்காலம் அவள் கிரவுண்டுக்குக் கிளம்பியபோது, எப்போதும் இல்லாமல் வாசல் வரைக்கும் போய் நின்றேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அது நடந்து மூன்று வாரத்தில் இந்த ஆல்-ஸ்டார். அழுதுகொண்டே ஆடப்போகிறார்களா, இல்லை வழக்கம்போல விளையாட்டுக் காட்டிவிட்டுப் போகப்போகிறார்களா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. 2017இல் நியூ ஆர்லியன்ஸில் 192-182 என்று ஒரு ஆட்டம் ஆடினார்களே, நினைவிருக்கிறதா? ஒருத்தன் ரிங்குக்குப் போனால் மற்ற ஐந்து பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆன்டணி டேவிஸ் அன்றைக்கு 52 பாயிண்ட் போட்டான். சாதனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பாயிண்ட்டாவது என் மனசில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை இளசுகள் ஆட்டத்தை நான் முழுசாகப் பார்க்கவில்லை. சையான் வில்லியம்சன் எழும்பி ரிங்குக்கு மேலிருந்து பந்தை உள்ளே அடித்த டங்க்கில் ரிங்கே சாய்ந்துவிட்டது, லூகா பாதி கோர்ட்டிலிருந்து எறிந்து உள்ளே போட்டான். அது போதும்.

சனிக்கிழமை நிகழ்ச்சி நமக்கு ஞாயிறு காலை ஆறரைக்கு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, பாஸ் கொடுத்து, கூடையில் போட்டு முடிக்கிற ஸ்கில்ஸ் போட்டியில் பாம் அடபாயோ ஜெயித்தான். இறுதியில் அவனோடு மோதிய சபோனிஸும் பெரிய ஆள்தான். நம் காலத்தில் உயரமான பிள்ளை என்றால் ரிங்குக்குக் கீழே நிறுத்திவிட்டு "ரீபவுண்ட் மட்டும் எடு" என்பார்கள். இப்போது ஆறே முக்கால் அடிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். தூரத்து வளைகோட்டுக்கு வெளியேயிருந்து எறிகிற த்ரீ பாயிண்ட் போட்டியில் பட்டி ஹீல்ட் கடைசிப் பந்தில் ஜெயித்தான். டெவின் புக்கர் 26 எடுத்து முடித்துவிட்டான். ஹீல்ட் கையில் ஒரே ஒரு பந்து, அது போனால்தான் 27. எறிந்த விதத்தில் ஒரு தயக்கமும் இல்லை. பஹாமாஸ் தீவுப் பையன்.

அப்புறம் டங்க் போட்டி. மல்லிகா, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆரன் கார்டன் போட்ட முதல் ஐந்து டங்க்குக்கும் 50, 50, 50, 50, 50. ஐந்து நடுவர்களும் ஐந்து தடவையும் பத்துக்குப் பத்து. அந்தப் பக்கம் மியாமி அணியின் டெரிக் ஜோன்ஸ் ஜூனியர். அன்றைக்கு அவனுக்கு இருபத்து மூன்றாவது பிறந்தநாள். அவனும் சளைத்தவன் இல்லை, ஒல்லிப் பையன், ஏறினால் இறங்குவேனா என்கிறான். சமன், மறுபடியும் சமன். கடைசியில் ஜோன்ஸ் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயிருந்து எழும்பிக் கையைச் சுழற்றிப் போட்டான். 48.

கார்டனுக்கு 49 வந்தால் ஜெயம். கூட்டத்திலிருந்து டாக்கோ ஃபாலைக் கூப்பிட்டான். ஏழரை அடிக்கு ஓரங்குலம் இரண்டங்குலம் முன்னே பின்னே, செனகல்காரன். ரிங்குக்கு முன்னால் அவனை நிறுத்திப் பந்தைக் கையில் கொடுத்தான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஓடி வந்தான், எழும்பினான், பந்தை அவன் கையிலிருந்து எடுத்தான், அவன் தலையைத் தாண்டிப்போய் உள்ளே அடித்தான். கழுத்தில் லேசாக உரசியது உண்மைதான். அதற்காக? மூன்று பேர் 9 போட்டார்கள். 47. டுவைன் வேட் அதில் ஒருத்தர். அவர் மியாமிக்கு ஆடினவர் என்பதால் அப்படிப் போட்டார் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஐந்து பேரும் தனித்தனியாக நியாயம் பார்த்து எண் போட்டிருப்பார்கள், கூட்டுத்தொகைதான் அநியாயமாகப் போய்விட்டது. ஆனால் 2016இல் டொரன்டோவிலும் இதே கார்டன் இப்படித்தான் தோற்றான். அந்த பொம்மை வேடக்காரன் கையிலிருந்து பந்தை எடுத்து, இரண்டு காலுக்கும் அடியில் கொண்டுபோய், உட்கார்ந்த மாதிரியே காற்றில் போய்ப் போட்டானே! அன்றைக்கு ஸாக் லவீன் ஜெயித்தான். இரண்டு தடவையும் கோப்பை இல்லை. இனிமேல் டங்க் போட்டிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்த முகத்தைப் பார்த்தால் உனக்கும் தாங்காது.

ஞாயிறு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை. பள்ளிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டேன். கேப்டன்கள் யானிஸ், லெப்ரான் பெயரில் இரண்டு அணி. யானிஸ் அணி முழுக்க முதுகில் 24, அது கோபியின் எண். லெப்ரான் அணி முழுக்க 2, அது ஜியானாவின் எண். பத்துப் பேர் ஓடுகிறார்கள், யார் முதுகைப் பார்த்தாலும் அப்பா, இல்லையென்றால் மகள். மேஜிக் ஜான்சன் நடுக் கோர்ட்டில் நின்று பேசினார். ஜெனிஃபர் ஹட்சன் பாடும்போது பின்னால் கோபியின் படங்கள் ஓடின. அபி என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் எதுவும் பேசவில்லை.

ஆட்டத்துக்கு இந்த வருஷம் புது விதி. முதல் மூன்று குவார்ட்டரும் தனித்தனி. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஜெயிக்கிற அணியின் பெயரில் சிகாகோ பிள்ளைகளுக்கான தொண்டு அமைப்புக்குப் பணம் போகும். நாலாவது குவார்ட்டருக்குக் கடிகாரமே கிடையாது. மூன்று குவார்ட்டர் மொத்தத்தில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்கள் ஸ்கோரோடு 24 கூட்டு. அந்த எண்ணை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். கோபிக்காகத்தான் அந்த 24. யானிஸ் அணி 133, லெப்ரான் அணி 124. ஆக இலக்கு 157.

முதல் மூன்று குவார்ட்டரை விட்டுவிடலாம். கவாய் லெனர்ட் மட்டும் சொல்லவேண்டும். எட்டு த்ரீ பாயிண்ட், மொத்தம் 30. சிரிக்கவும் மாட்டான், கத்தவும் மாட்டான், வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போவான். கோபி பெயரை வைத்த பிறகு அந்தச் சிறந்த வீரர் விருதை வாங்கிய முதல் ஆள் அவன்தான். முப்பத்து நாலு வயதில் ஆறடி கிறிஸ் பால் ஒரு டங்க் போட்டான், அதற்கு அவன் அணிக்காரர்கள் குதித்த குதியைப் பார்த்திருக்கவேண்டும்.

நாலாவது குவார்ட்டர் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. எப்போது மாறியது என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஒரு நிமிஷம் முன்னால்வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முழங்காலை மடக்கி இறங்கி நின்றார்கள். எம்பீட் உள்ளே முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறான், அந்தப் பக்கம் டேவிஸ் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் நடுவரைச் சுற்றிக் கூட்டம். லெப்ரான் ரிங்குக்குப் பக்கத்தில் போய் பந்தை மேலே விட்டான், யானிஸ் எங்கிருந்தோ வந்து போர்டுப் பக்கம் அடித்துத் தள்ளினான். பந்து இறங்கும்போது தொட்டான், அது தப்பு என்று லெப்ரானுக்குக் கூடையைக் கொடுத்தார்கள். யானிஸ் அணிக் கோச் நிக் நர்ஸ் வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்லிச் சேலஞ்ச் செய்தார், திருப்பிப் பார்த்தார்கள், தப்பே இல்லை, சுத்தமான தடுப்பு. ஆல்-ஸ்டாரில் கோச் சேலஞ்ச் செய்வதை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? ஒரு கூடை விழுவதற்கு இரண்டு மூன்று தடவை போய் முட்டவேண்டியிருந்தது.

ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்த லெப்ரான் அணி ஏறி வந்துவிட்டது. இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்லவந்த விஷயம்.

லெப்ரான் அணியின் ஜேம்ஸ் ஹார்டனிடம் பந்து. ஒரு த்ரீ போட்டால் ஆட்டம் முடிந்தது. எதிரே யானிஸ் அணியின் கைல் லௌரி. உனக்குத் தெரியும், ஆறடிதான், முப்பத்து மூன்று வயது, பார்க்க ஆட்டக்காரன் மாதிரியே இருக்கமாட்டான். ஹார்டன் எழும்பி எறிகிறான், பந்து உள்ளே போய்விட்டது, கூட்டம் எழுந்துவிட்டது. ஆனால் லௌரி தரையில் கிடக்கிறான். நெஞ்சைக் கொடுத்து வாங்கியிருக்கிறான். நடுவர் விசில், சார்ஜிங்: ஊன்றி நின்றவன்மேல் பந்தோடு வந்தவன் மோதிய தப்பு. கூடை செல்லாது!

மல்லிகா, நான் "ஏய் மல்லி!" என்று கத்திவிட்டேன். அபி திரும்பிப் பார்த்தாள். யார் மல்லி என்று கேட்டாள்.

மண்டலப் போட்டி ஃபைனலை அவளிடம் சொன்னேன். நாம் ஒரு பாயிண்ட் முன்னால், அந்த உயரமான பெண் பந்தோடு நேராக வருகிறாள், எல்லோரும் விலகுகிறோம், நீ மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். சிமெண்ட் கோர்ட். விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. முழங்கையில் தோல் உரிந்து இரத்தம். எழுந்து நீ முதலில் பார்த்தது உன் கையை இல்லை, நடுவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று. அதற்குப் பின்னால் இரண்டு வாரம் பெஞ்சில் ஒருச்சாய்த்துத்தான் உட்கார்ந்தாய். அந்த மேட்ச்சில் பதினாலு பாயிண்ட் எடுத்தது நான். கோப்பை வாங்கிய ஃபோட்டோவில் நடுவில் நிற்பதும் நான். ஆனால் ஜெயித்துக் கொடுத்தது நீ. இதை உன்னிடம் நேரில் சொன்னதே இல்லை என்று திங்கட்கிழமைதான் உறைத்தது.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன், ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் ஒரு எண்கூட மாறாத ஆட்டத்தில், அப்படி விழுந்தான். ரிங்குக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறான் என்பதைச் சனிக்கிழமை பார்த்துவிட்டோம். எதிரே ஒருத்தன் விடமாட்டேன் என்று நிற்கும்போது என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டேன். மே மாதம் நம் ஊர் டோர்னமெண்ட்டில் கேலரியில் நசுங்கி உட்கார்ந்து ரயில்வேயையும் ஆர்மியையும் பார்ப்போமே, அந்த ஆட்டங்களில் இருந்தது இதுதான். கோபியும் ஆல்-ஸ்டாரை அப்படித்தான் ஆடினார். பதினெட்டுத் தடவை தேர்வாகி, நாலு தடவை சிறந்த வீரர் விருது வாங்கியவர்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். லெப்ரான் அணி 156, யானிஸ் அணி 155. லெப்ரான் அணியின் டேவிஸ் உள்ளே பந்தை வாங்க, லௌரிதான் பிடித்துத் தொங்கினான், ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. டேவிஸ் சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்தவன், சொந்த ஊர்க் கூட்டம் நிற்கிறது. முதலாவது தவறிவிட்டது. இரண்டாவது விழுந்தது. 157-155. ஃப்ரீ த்ரோவில் முடிந்தது சப்பென்று இருந்தது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. அந்த முதல் பந்து ரிங்கில் பட்டுத் திரும்பியபோது அரங்கமே மூச்சை நிறுத்தியது டிவியிலேயே கேட்டது.

நேற்று சாயங்காலம் கிரவுண்டில் பிள்ளைகளுக்குச் சார்ஜிங் வாங்கக் கற்றுக்கொடுத்தேன். ஷூட்டிங் வேண்டாம், இன்றைக்கு விழுவதுதான் பாடம் என்றேன். காலை எங்கே ஊன்றுவது, கையை எங்கே வைப்பது, தலை அடிபடாமல் எப்படிப் பின்னால் சரிவது. மண் தரைதான், பரவாயில்லை. பெரிய பிள்ளைகள் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு விலகினார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண், என் இடுப்பு உயரம் இருப்பாள், அவள் விலகவில்லை. அபி வேகமாகத்தான் வந்தாள். இரண்டு பேரும் உருண்டார்கள். அந்தப் பிள்ளை சட்டையெல்லாம் மண்ணோடு எழுந்து, "டீச்சர், எந்தப் பக்கம் பந்து?" என்று கேட்டது.

ஏப்ரல் லீவுக்கு வருகிறாய்தானே? வந்தால் ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்கு வா. அந்த முழங்கைத் தழும்பை அபி பார்க்கவேண்டுமாம்.

அன்புடன்,
சாந்தி