உன் பூங்காவில் மேய்ந்த மான்கள்

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் போனில், “பேசாம வேலையை விட்டுட்டு அந்த சாமி ஜனங்க மாதிரி மான் மேய்க்கப் போயிடலாம்ணா” என்றாயே, அதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. (நம்ம ஊர் சாமி இல்லை, நார்வே, ஸ்வீடன், பின்லாந்தின் வடகோடியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் இருப்பவர்கள். அவர்களிலும் மான், அதாவது ரெயின்டீர் என்கிற பனிமான், வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சம் பேரும் இப்போது மந்தைக்குப் போவது ஸ்னோமொபைலில், பனியில் ஓடுகிற வண்டியில்.)

அங்கே போனால் யாரிடமும் “உங்களுக்கு எத்தனை மான்?” என்று கேட்டுவிடாதே. பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற மாதிரி அது. கோடையில் கன்றுகளின் காதில் கத்தியால் குறி வெட்டுவார்கள், ஆளுக்கொரு குறி, குழந்தைகளுக்குக்கூடத் தனியாக உண்டு. ஓடுகிற மந்தையில் அந்த வெட்டை வைத்தே இது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள், எண்ணிக்கையை மட்டும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கணக்கில் வருஷத்துக்கு எட்டுப் பருவம். மான் இடம் மாறினால் மனிதனும் மாறுவான். உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, கிரெடிட் ஸ்கோர் இருக்கிறது, மான் நகர்ந்தாலும் நீ நகர முடியாது.

அப்புறம் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிப்போகிறாயே, சியாட்டில் வுட்லேண்ட் பார்க், 1898-இல் அங்கே அந்த மான்கள் ஐந்நூறுக்கு மேல் மேய்ந்தன. கனடாவின் வடமேற்கில் யூகான் பக்கம் தங்கம் தேடிப் போனவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு அவசர அவசரமாக நார்வேயில் மான் வாங்கி, ஓட்டத் தெரிந்த சாமி குடும்பங்களையும் சேர்த்துக் கப்பலில் நியூயார்க்குக்கும் அங்கிருந்து ரயிலில் சியாட்டிலுக்கும் கொண்டுவந்தது. வந்து சேர்வதற்குள் அங்கே பஞ்சமே இல்லை என்று ஆகிவிட்டது! பனியைக் காலால் தோண்டி அடியில் பாசி மாதிரி படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்று குளிர்காலத்தை ஓட்டுகிற பிராணி அது. கொண்டுவந்த லைக்கன் தீர்ந்ததும் பார்க்கில் பச்சைப் புல்லில் விட்டார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே கொஞ்சம், அலாஸ்காவில் இறங்கிய பிறகு மிச்சம் என்று பெரும்பாலானவை செத்தன. மான் எதைத் தின்னும் என்று கூடவே வந்த சாமிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? அவர்களைக் கேட்டு ரயில் ஓடவில்லை.

அலாஸ்காவில் தங்கியவர்களில் சிலர் சொந்த மந்தை சேர்த்தார்கள். 1937-இல் சட்டம் வந்தது: அலாஸ்காவின் பூர்வகுடிகள் தவிர வேறு யாரும் அங்கே மான் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பூர்வகுடிகளுக்கு அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மேய்க்கச் சொல்லிக்கொடுத்த சாமிக்காரர்கள் மந்தையை விற்க வேண்டியதாயிற்று. சிலர் உன் வாஷிங்டன் மாநிலத்துக்கே வந்து குடியேறினார்கள், நீ விட்டுவிட்டு ஓட நினைக்கிற அதே வாழ்க்கைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் பாப்பாவிடம் இந்தக் கதையைச் சொல். காதுக் குறியை மட்டும் படம் போட்டுக் காட்டு, அவளுக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
அண்ணன்