அந்தக் கார் 1934இல் பிறக்கவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு மலரில் நுவரெலியா வசந்த காலத்தைப் பற்றிய கட்டுரையோடு ஒரு பழைய படம் போட்டிருந்தீர்கள். மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி, 1934 என்று கீழே எழுதியிருந்தது. படம் அருமை, தேடிப் பிடித்துப் போட்டதற்கு நன்றி. ஆனால் ஆண்டு தப்பு. ஓரிரண்டு வருஷம் முன்பின் என்றால் பேசாமல் விட்டிருப்பேன், இது பத்து வருஷத்துக்கு மேல் விலகிப் போகிறது, அதுவும் இப்போது ஆளாளுக்கு அந்தப் படத்தை வாட்ஸப்பில் 1934 என்றே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படத்தில் நிற்பது எம்.ஜி. டி.சி. வகைக் கார். (எம்.ஜி. என்றதும் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை நினைக்க வேண்டாம், இது இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்த வண்டி.) டி.சி. வெளிவந்ததே இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1945 கடைசியில்தான். 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள். அதற்கு மூத்தது டி.ஏ., அது 1936இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே 1939இல் டி.பி. என்று ஒன்று கொஞ்ச காலம் வந்து போரோடு நின்றுபோனது. தூரத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதே நீட்டு பொனட், அதே உயரமான கம்பி வீல், பின்னால் கட்டிய ஸ்பெயார் வீல். சரி, டி.ஏ. என்றே வைத்துக்கொண்டாலும் 1934க்கு ஆகாது.

டி.சி.தான் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் கதவுக்குக் கீழே இருக்கிறது. ஃபுட்போர்டைப் பாருங்கள். டி.ஏ.யின் ஃபுட்போர்டில் கால் வழுக்காமல் இருக்க நீளவாக்கில் மூன்று பட்டைகள் ஓடும். டி.சி.க்கு உள்ளே உட்காருகிற இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், அதனால் வெளியே ஃபுட்போர்ட் ஒடுங்கிப்போய் இரண்டு பட்டைக்குத்தான் இடம் மிஞ்சியது. நீங்கள் போட்ட படத்தில் பின் மட்கார்ட் பக்கம் சேறு அடித்து மூடியிருக்கிறது, முன் பாதியில் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டுதான். பூதக்கண்ணாடி வைத்து யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

1934 எங்கிருந்து வந்தது என்றும் எனக்குப் புரிகிறது. மாகஸ்தோட்டைப் போட்டி தொடங்கிய ஆண்டு அது. அதனால் ஒரு திறந்த கார், பின்னால் தேயிலை மலை, தொப்பி போட்ட நாலு துரைமார் இருந்தால் போதும், உடனே 1934 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வருஷத்து எம்.ஜி. வேறு மாதிரி இருக்கும். 847 சி.சி. எஞ்சின் போட்ட குட்டி வண்டிகள் அவை, ஜே2, அப்புறம் பி.ஏ. ஜே2வில் முதலில் வந்தவற்றுக்கு சைக்கிள் மட்கார்ட் மாதிரி டயரை ஒட்டி வளைந்த சின்ன மட்கார்ட், பின்னால் வந்தவற்றுக்கு ஃபுட்போர்ட் வரைக்கும் நீண்டு இறங்குகிற மட்கார்ட். பி.ஏ.யின் முன் கிரில் தேன்கூட்டு வலை, 1935இல் 939 சி.சி.யோடு வந்த பி.பி.க்கு நெட்டுக்குத்தான கம்பிகள். இதையெல்லாம் மட்டும் நம்பி முடிவு கட்டவும் கூடாது, ஏனென்றால் பந்தயக்காரர்கள் பாரம் குறைக்க மட்கார்டையே கழற்றி வீசுவார்கள், விபத்தில் நசுங்கினால் கிடைத்ததை எடுத்து மாட்டுவார்கள். லேசில் மாற்ற முடியாதது எதுவோ அதைப் பார்க்க வேண்டும், அச்சுக்கு அச்சு உள்ள நீளம், கண்ணாடிச் சட்டம் உடம்போடு சேரும் இடம், கதவின் வெட்டு. டிரையம்ப் டி.ஆர்.2 என்ற காரில் 1954 கடைசிக்கு முன் செய்தவற்றுக்குக் கதவு அடிவரை இறங்கும், பிறகு கதவைக் குட்டையாக்கிக் கீழே ஒரு பட்டை விட்டார்கள். கதவு ஒன்றே வயசைச் சொல்லிவிடும்.

அடுத்தது நம்பர் பிளேட். இங்கேதான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம். படத்தைக் காரைச் சுற்றி நெருக்கமாக வெட்டியதில் நம்பர் பாதி போய்விட்டது! வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்பவர்கள் முதலில் தேடுவதே நம்பரைத்தான். 1950களின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் ராலிகளில் இயன் அப்பிள்யார்ட் ஓட்டிய ஜாகுவார் எக்ஸ்.கே.120இன் நம்பர் என்.யூ.பி. 120. பக்கத்தில் உட்கார்ந்து வழி பார்த்தவர் அவருடைய மனைவி, ஜாகுவார் முதலாளியின் மகள். அந்த நம்பர் தெரிந்தால் போதும், எந்தப் படமாக இருந்தாலும் அது எந்தக் கார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அந்த வண்டியும் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. நம் நாட்டில் அந்தக் காலத்தில் சி.எல்., ஈ.எல்., ஈ.என். என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். 1957 வாக்கில் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதை எதிர்த்துத் தமிழர்கள் அதன் மேல் தார் பூசிய காலத்தை மலையகத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலகையில் ஸ்ரீ இருந்தால் படம் அதற்குப் பிந்தியது, அதில் சந்தேகமே வேண்டாம். ஸ்ரீ இல்லை என்பதால் மட்டும் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, பழைய வண்டி பழைய நம்பரோடுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில் ராலி என்றும் ஓரிடத்தில் மலையேற்றம் என்றும் கலந்து எழுதியிருந்தது. இரண்டும் வேறு வேறு, படத்திலேயே பிரித்துவிடலாம். மலையேற்றத்தில் ஒவ்வொரு காராக ஏற்றத்தில் விட்டு நேரம் எடுப்பார்கள், உள்ளே ஓட்டுகிறவர் மட்டும், பக்கவாட்டில் நம்பரைப் பெரிதாக எழுதியோ ஒட்டியோ இருப்பார்கள். ராலி என்பது பொது வீதியில் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன நேரத்துக்குச் சாவடியில் ஆஜராவது. உள்ளே இரண்டு பேர், முன்னால் ராலிப் பலகை, கூடுதல் லைட், பின்னால் சாமான். 1911 ஜனவரியில் நடந்த முதல் மொன்டே கார்லோ ராலியில் வந்து சேர்ந்த வண்டியின் அழகுக்கும் உள்ளே இருந்தவர்களின் சௌகரியத்துக்கும்கூட மார்க் போட்டார்கள், ஹென்றி ரூஜியே டர்காட் மெரி காரில் வென்றபோது அதனால் சண்டையே வந்தது. 1931இல் டொனால்ட் ஹீலி நோர்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து புறப்பட்டு, வழியில் தந்திக் கம்பத்தில் மோதி அச்சு நகர்ந்துபோன இன்விக்டாவை அப்படியே ஓட்டிப்போய் வென்றார். அந்த மாதிரி அடிபட்ட தடயம் எல்லாம் படத்தில் பதிந்திருக்கும், பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். சிலர் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டுவிடுவார்கள். டி.சி. எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங்தான், இடப்பக்கம் வைத்து ஆபிங்டனில் ஒன்றுகூடச் செய்யவில்லை. ஆகவே டி.சி.யில் ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது. அப்படிப் புரண்ட படத்தை வைத்துக்கொண்டு இது எந்த வளைவு, எந்த மலை என்று தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

கார் பைத்தியத்தை விடுங்கள், நான் எழுத வந்ததன் முக்கியமான காரியம் வேறு. நீங்கள் வெட்டிய இடது ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, கயிற்றைப் பிடித்திருக்கிற கை, அதற்குப் பின்னால் கூடையின் விளிம்பு. வீதி ஓரத்தில் நம் தோட்டத் தொழிலாளிகள் நிற்கிறார்கள். ஓட்டியவர் பெயர், அவர் எந்தத் தோட்டத்துத் துரை என்பதெல்லாம் கிளப் ஏடுகளிலும் அந்தக் கால ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தேடினால் கிடைக்கும், கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகள் இருக்கின்றன. கயிறு பிடித்தவர் பெயர் அங்கே கிடைக்காது. அவரைத் தேட வேண்டிய இடம் தோட்டத்துச் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேடு, அன்றைக்கு ரோட்டு வேலைக்கு யாரை அனுப்பினார்கள் என்று கணக்கப்பிள்ளை எழுதாமலா இருந்திருப்பார்? ஆனால் செக்ரோலைப் புரட்ட நாள் தெரிய வேண்டும், நாளைப் பிடிக்கக் கார் தெரிய வேண்டும். 1934 என்று தப்பாகப் போட்டால் தேடுகிறவன் தப்பான புத்தகத்தைத்தான் புரட்டுவான். ஃபுட்போர்டில் பட்டை எண்ணுகிற என் வேலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

இந்தப் படங்கள் பங்களாவில் மட்டும் இருந்ததாக நினைக்கக் கூடாது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெளியேறிய துரைமார் விட்டுப்போனவை பங்களா வேலைக்கார அப்பு வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் கிளாக்கர் வீட்டுக்கும் போயிருக்கும். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் டிரங்குப் பெட்டியில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவையும் இருக்கும், அங்கே சொந்தக்காரர் உள்ளவர்கள் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். 1983 கலவரத்தில் எரிந்தவற்றுக்கு என்ன செய்ய முடியும். மிச்சம் இருப்பதையும் நம் குளிரும் ஈரமும் பூஞ்சணம் பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், அதிலும் முக்கியமாகப் பேனாவால் படத்தின் மேல் எதுவும் எழுதாதீர்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் படத்தை வெட்டாமல், நான்கு ஓரமும் தெரிய, இன்னொரு தடவை போடுங்கள். ஆண்டு என்று போடுகிற இடத்தில் 1945க்குப் பின் என்று மட்டும் போட்டால் போதும், மிச்சத்தை வாசகர்கள் கண்டுபிடிப்பார்கள், மாகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த வளைவைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். படம் கொடுத்தவரிடம் சொல்லி அதன் முதுகையும் போனில் ஒரு படம் எடுத்து வாங்குங்கள். ஸ்டூடியோக்காரர்கள் பின்னால் முத்திரை குத்துவது வழக்கம். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே கம்பெனிக்குக் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை இருந்தது, அவர்கள் முத்திரையோ பென்சிலில் எழுதிய ஒரு நம்பரோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் படங்கள் சேர்க்கும் வாசகர்,
தலவாக்கலை.