அய்யனார் காட்டு விதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ரிஷிகேஷ் போய் யோகா ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, ஏரியும் காடும் அழிந்துகொண்டிருக்கும்போது நான் மூச்சுப் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்குத்தான் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால் கடிதம்.

நீ பிறக்கும்போதே ஆரோவில் பக்கம் பச்சையாகிவிட்டது. என் சிறு வயதில் குயிலாப்பாளையத்துச் செம்மண் பொட்டல்தான், அங்கங்கே பனை. ஐப்பசி மழை அடித்தால் மண் கரைந்து ஓடைகளில் இறங்கி, கடலோரத் தண்ணீரே சிவந்துவிடும். 1968 பிப்ரவரி 28-இல், எல்லா நாட்டாரும் சேர்ந்து வாழும் ஊர் என்று ஆரோவில் தொடங்கியபோது பல நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில் போட்டார்கள். ஊர் மண்ணோ கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி ஆசிரமத்து அரவிந்தரையும் அன்னையையும் நம்பி வந்தவர்கள். செய்கிற வேலையே யோகம் என்பது அவர்கள் பிடிமானம். அந்த வேலைக்கு நாங்கள் கூலிக்குப் போனோம். முதல் வேலை மரம் நடுவதில்லை, கரை போடுவது. சரிவுக்குக் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்கும்படி செய்யவேண்டும். அப்புறம்தான் குழி. முதலில் நட்டதில் நிறைய ஆஸ்திரேலிய அகேசியா. வேகமாக வளரும், சருகு கொட்டி மண்ணைத் தேற்றும். ஆனால் இந்த மண்ணின் சொந்த மரம் எது என்று தேடியபோது அவர்கள் போய் நின்றது கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரியான இடங்களில். வீரை, காசா, பாலை எல்லாம் அங்கேதான் மிச்சம் இருந்தன. விதை அங்கிருந்து வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது அகேசியா ஏராளமாகச் சாய்ந்தது. உள்ளூர் மரங்கள் பெரும்பாலும் தாங்கின.

அந்த அய்யனார் காடு மட்டும் வெட்டுப்படாமல் எப்படித் தப்பியது? கிளையை ஒடித்தால் அய்யனார் கேட்பார் என்ற பயம்தான். உன் ஆயா அங்கே விழுந்து கிடக்கும் சுள்ளியில் கோயில் வாசலில் பொங்கல் வைப்பாள், ஒரு குச்சியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். இதைப் பாரம்பரிய அறிவு என்று பெருமையாகப் பேச இப்போது ஆட்கள் நிறைய. நான் பாதிதான் பேசுவேன். எல்லைக்கு வெளியே விறகு வெட்டியதும், ஆட்டை விட்டு மேய்த்ததும் அதே சனம்தான். அடுப்பு எரியவேண்டுமே. கட்டுப்பாடு அய்யனார் எல்லையோடு நின்றுவிட்டது.

யோகமும் அப்படியே பாயோடு நின்றுவிடும். யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதலில் இயமம்: துன்புறுத்தாதே, பொய் சொல்லாதே, திருடாதே, புலனை அடக்கு, தேவைக்கு மேல் சேர்க்காதே. இந்த ஐந்தில் கடைசியைப் பார், ஆயா சுள்ளியை விட்டுவிட்டு வந்தது அதுதான். அவளுக்குச் சாமி பயம் இருந்தது. உனக்கு அது வராது, வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பயமில்லாமலே கை பின்வாங்குமா என்பதுதான் கேள்வி. ஆசை எழுவதற்கும் கை நீளுவதற்கும் நடுவில் ஒரு நொடி கிடைக்கிறது, மூச்சைக் கவனித்தால் அது தெரிகிறது என்று நீதானே ஒருமுறை சொன்னாய்? அந்த நொடிக்காகச் செய். செருப்பு வாங்கும்போதும், ஏசி போடும்போதும் அது வரட்டும்.

யோகம் வந்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்றும் எண்ணாதே. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை அகற்றியபோது ஆரோவில்காரர்களே இரண்டு பக்கமாக நின்றார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் வரை போனது.

சரி, சேர். பணம் கட்டும் முன் இயமத்தை எத்தனை நாள் சொல்லித் தருவார்கள் என்று கேட்டுவிடு. அரைமணி நேரம் என்றால் வேறு இடம் பார். ரயிலில் போ. கட்டணத்துக்குப் பணம் போதாவிட்டால் சொல், முந்திரி விற்ற காசு இருக்கிறது. அம்மா முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறாள். டப்பாவை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள், போன தடவை கொடுத்ததே இன்னும் வரவில்லையாம்.

அன்புடன்,
அப்பா