கிம் வொன்ஹோவுக்குக் கை கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடல யார் யாருக்கு எழுதுறேனோ அவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தமிழ் தெரியாது, போய் சேரவும் சேராது, தெரிஞ்சேதான் எழுதுறேன். கல்யாணப் பத்திரிகைல முதல்ல குலதெய்வம் பேர போடுறோம்ல, சாமி எடுத்து படிக்கும்னா போடுறோம், அந்த மாதிரி வச்சுக்குங்க.

விஷயம் கிம் வொன்ஹோ. கொரியாவோட ஷட்டில் டபுள்ஸ் ப்ளேயர், 1999ல பொறந்த பையன். 2025ங்கிற ஒரே வருஷத்துல சோ சுங்ஜே கூட சேந்து 11 டைட்டில் அடிச்சான். 2019ல ஜப்பான்காரர் மொமோட்டா சிங்கிள்ஸ்ல ஒரு வருஷத்துல 11 வாங்கி வச்சிருந்தார்ல, அந்தக் கணக்க போய் தொட்டாச்சு. இதெல்லாம் ஆளாளுக்கு எழுதிட்டாங்க. எனக்கு என்னன்னா, டபுள்ஸ் ஆடுற ஒருத்தன மட்டும் தனியா நிறுத்தி புகழ்றது எப்பவுமே ஒரு மாதிரி இருக்கும், தவில விட்டுட்டு நாதஸ்வரத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணின மாதிரி. அதான், அவன் கூட நின்னவங்களுக்கு, பெத்தவங்களுக்கு, எதிர்ல நின்னவங்களுக்கும் சேத்து ரசிகனா என் பங்குக்கு ஒரு நன்றி.

மொத நன்றி நம்ம இந்திய டபுள்ஸ் ஜோடி சாத்விக், சிராக் ரெண்டு பேருக்கும். ஏன்னா இந்தப் பையன எனக்கு காட்டிக் கொடுத்ததே அவங்கதான். 2023 அக்டோபர் 7, ஹாங்சோவுல ஏசியன் கேம்ஸ் ஃபைனல், 21-18, 21-16, ஏசியன் கேம்ஸ் பேட்மிண்டன்ல இந்தியாவுக்கு மொத தங்கம். நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோன்னு கதவத் தட்டிட்டாங்க. அன்னைக்கு நெட்டுக்கு அந்தப் பக்கம் யாரு இருந்தாங்கன்னு கேட்டிருந்தா "ரெண்டு கொரியாக்காரங்க"ன்னு மட்டும்தான் சொல்லியிருப்பேன். ஒரு பத்து நாள் கழிச்சுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. கொரியால ஆம்பளப் பசங்க எல்லாரும் பட்டாளத்துக்கு போகணும், ஒன்றரை வருஷம். விளையாட்டுக்காரங்களுக்கு விலக்கு வேணும்னா ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்கணும், இல்ல ஒலிம்பிக்ல ஏதாவது ஒரு மெடல் வாங்கணும். ஏசியன் கேம்ஸ் வெள்ளி கணக்குல சேராது. இருபத்து நாலு வயசுல, ஆட்டம் சூடு புடிக்கிற நேரத்துல ஒன்றரை வருஷம்னா சும்மாவா. நாம துள்ளிக் குதிச்ச அந்த 21-16 அந்தப் பக்கத்துல என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சேன் பாருங்க, அன்னைலேந்து அந்தப் பையன் மேட்ச் எதையும் விடுறதில்ல.

அன்னைக்கு அவன் கூட நின்ன சோய் சொல்கியூவுக்கும் இங்கயே ஒரு வணக்கம் சொல்லிடுறேன். இப்ப யாரும் அவர் பேர எடுக்குறதில்ல. அந்த வெள்ளில பாதி அவரோடது.

அடுத்தது அம்மா. கில் யங்ஆ அம்மா, உங்களுக்கு நான் நன்றி சொல்ல ஆரம்பிச்சா அது தனி மடலாவே போகும். புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்றேன், இவங்க சும்மா "ப்ளேயரோட அம்மா" கெடையாது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல விமன்ஸ் டபுள்ஸ் வெண்கலம், 1996 அட்லாண்டால அதே விமன்ஸ் டபுள்ஸ்ல வெள்ளி, அதே அட்லாண்டால மிக்ஸட்ல (ஒரு ஆம்பள, ஒரு பொண்ணு ஜோடி) தங்கம். ஒலிம்பிக்ல மிக்ஸட் டபுள்ஸ்னு ஒண்ண சேத்ததே அந்த வருஷம்தான், அதனால உலகத்துலயே மொத மிக்ஸட் தங்கம் இவங்க கழுத்துலயும் இவங்க பார்ட்னர் கிம் டாங்மூன் கழுத்துலயும்தான் விழுந்துச்சு. ஃபைனல்ல எதிர்ல யாரு தெரியுமா, அதே கொரியாவோட பார்க் ஜூபாங், ரா கியங்மின் ஜோடி. பார்க் ஜூபாங்னா அந்தக் காலத்துல டபுள்ஸ் சக்கரவர்த்தி. மொத கேம் 13-15 போயிடுச்சு, அப்புறம் 15-4, 15-12. இந்தப் பேர எல்லாம் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில வேலை இருக்கு.

இப்படி ஒரு அம்மாவுக்கு மகனா பொறந்து அதே ஆட்டத்த ஆட வர்றது வரமா சாபமான்னு எனக்கு தெரியல. நல்லா ஆடினா ரத்தம்ப்பாங்க, தோத்தா "அம்மா பேர கெடுத்துட்டான்"ப்பாங்க. நம்ம ஊர்ல வித்வான் வீட்டுப் புள்ள மேடை ஏறினா சபைல மொத வரிசை எப்படி காத தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், அதே கததான். இனிமே நீங்க கில் யங்ஆவோட மகனப் பத்தி இல்ல, கிம் வொன்ஹோவோட அம்மாவப் பத்தி பேசுற மாதிரி பண்றேன்ங்கிற அர்த்தத்துல அவன் சொன்னத படிச்சப்ப, நான் ஃபோன கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். என் அம்மா கிட்ட நான் இப்படி ஒண்ணும் சொன்னதில்ல. அத விடுங்க.

இப்ப பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வரேன், 2024. மிக்ஸட்ல வொன்ஹோ கூட ஜோடியா ஆடின ஜங் நாஉன், தங்கச்சி, இந்தப் பத்தி உனக்கு. (அவன விட ஒரு வயசு சின்னவ, அதனால தங்கச்சின்னே கூப்பிட்டுக்கிறேன்.) குரூப் ஸ்டேஜ்ல மூணு மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க, புள்ளி கணக்குல தொங்கிட்டு க்வார்ட்டர் ஃபைனலுக்குள்ள வந்தாங்க, இவங்க மெடல் வாங்குவாங்கன்னு சத்தியமா நான் நெனைக்கல. க்வார்ட்டர்ல மலேசியா ஜோடிய தட்டி விட்டாங்க. செமில யாருன்னா சோ சுங்ஜே, சே யூஜங், அவங்க நாட்டு ஜோடியேதான், அதுவும் 2023 வேர்ல்டு சாம்பியன்ஸ், அதுக்கு முன்னாடி அவங்கள வொன்ஹோ ஜோடி ஒரு வாட்டி கூட ஜெயிச்சதில்ல. மொத கேம் 21-16 எடுத்தாச்சு, ரெண்டாவது 20-22 போச்சு, மூணாவது கேம்ல முன்னாடி இருக்கும்போதுதான் வொன்ஹோவுக்கு ஒடம்பு கைவிட்டுடுச்சு. கோர்ட்லயே ஒரு பைய வாய்கிட்ட புடிச்சு வாந்தி எடுத்தான், டாக்டர் வந்தாரு, உலகமே பாத்துச்சு. ஷட்டில் ஆடினவங்களுக்கு தெரியும், மிக்ஸட்ல பெரும்பாலும் பின்னாடி நின்னு அடிக்கிறவன் ஆம்பள, கால் ஓடலைன்னா கோர்ட்டே திறந்து கெடக்கும், எதிராளி ரெண்டு மூலைக்கும் தூக்கி விட்டே ஆள காலி பண்ணிடலாம். அந்த நேரத்துல, முடியல, இனி நீ பாத்துக்கன்னு பாரத்த அவ மேல எறக்கி வச்சதாவும், அவதான் தேத்தி தேத்தி கூட்டிட்டு போனதாவும் அவனே பின்னாடி சொன்னான். 23-21. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடின ஆட்டம். அந்த 23 புள்ளில எத்தன உன்னோடதுன்னு ஸ்கோர்போர்டு சொல்லாது தங்கச்சி, நான் ரீப்ளே போட்டு பாத்தேன், நெட்டு முன்னாடி நீ வெட்டின ஒவ்வொண்ணுக்கும் நன்றி. பைய எடுத்து நீட்டின கைக்கும், ஓடி வந்த டாக்டருக்கும் நன்றி.

ஃபைனல்ல சீனாவோட ஷெங் சிவெய், ஹுவாங் யாசியோங் கிட்ட 8-21, 11-21. அதப் பத்தி பேச ஒண்ணும் இல்ல, அவங்க அன்னைக்கு வேற லெவல்ல இருந்தாங்க. ஆனா வெள்ளி வெள்ளிதான், 2008ல லீ யாங்டே, லீ ஹியோஜங் வாங்கின தங்கத்துக்கு அப்புறம் மிக்ஸட்ல கொரியாவுக்கு வந்த மொத மெடல், பட்டாளமும் தீந்துச்சு. ஹாங்சோவுல கிடைக்காதது பாரிஸ்ல கிடைச்சுது. எனக்கும் மனசுல இருந்த ஒரு சின்ன குத்தம் போன மாதிரி இருந்துச்சு, நான் என்னமோ அன்னைக்கு சாத்விக் கூட சேந்து ஸ்மாஷ் அடிச்ச மாதிரி!

சரி, இந்த மடலே உண்மைல யாருக்குன்னா அது சோ சுங்ஜேவுக்குத்தான். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

அந்த செமிய இன்னொரு தடவ யோசிங்க, இந்த முறை வாந்தி எடுத்தவன் பக்கத்துலேந்து இல்ல, எதிர் பக்கத்துலேந்து. சுங்ஜே 2023ல மென்ஸ் டபுள்ஸ், மிக்ஸட் ரெண்டுலயும் வேர்ல்டு சாம்பியன். பாரிஸுக்கு ரெண்டு மெடல் கனவோட வந்த மனுஷன். மென்ஸ் டபுள்ஸ்ல க்வார்ட்டர்ல டென்மார்க் ஜோடி அனுப்பிட்டாங்க. மிக்ஸட் செமில, கண்ணு முன்னாடி வாந்தி எடுத்துட்டு நிக்க முடியாம நிக்கிற தம்பி கிட்ட 21-23ல தோத்தாச்சு. அடுத்த நாள் வெண்கல மேட்ச்ல ஜப்பான் ஜோடி கிட்ட தோல்வி. ரெண்டு ஈவென்ட், எத்தனையோ மேட்ச், கைல ஒண்ணும் இல்லாம ஊருக்கு போனாரு. நானா இருந்தா அந்தத் தம்பி மூஞ்சில ரெண்டு வருஷம் முழிச்சிருக்க மாட்டேன், சொந்த பந்தத்துல ஒரு வேலி தகராறுக்கே நாம பந்திய விட்டு எந்திரிச்சு போற ஆளுங்க.

இவரு என்ன பண்ணாரு, அஞ்சு மாசத்துல அதே தம்பி கூட ஜோடி சேந்தாரு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி சின்னப் பசங்களா இருக்கப்ப சேந்து ஆடிட்டு பிரிஞ்சு போனவங்கதான், 2025 ஜனவரில மறுபடியும் ஒண்ணா எறங்குனாங்க. எறங்குன மொத டோர்னமென்ட், மலேசியா ஓப்பன், டைட்டில். அடுத்த வாரமே டெல்லில இந்தியா ஓப்பன் ஃபைனல்ல மலேசியாவோட கோ சே ஃபெய், நூர் இசுதீன் கிட்ட மூணு கேம் போராடி தோத்தாங்க (அவங்களுக்கும் நன்றி, நல்ல சூடு அது, ஜூலைல ஜப்பான் ஓப்பன் ஃபைனல்ல அதே ஜோடிய நேர் கேம்ல திருப்பிக் கொடுத்தாச்சு). ஜெர்மனி, ஆல் இங்கிலாண்ட், இந்தோனேசியா, ஜப்பான், நம்பர் ஒன் ரேங்க்கும் வந்துடுச்சு.

சுங்ஜே இடது கை, வொன்ஹோ வலது கை. இத சும்மா எழுதிட்டு போயிடலாம், ஆனா எங்க ஏரியா கோர்ட்ல ஒரு சார் இருக்காரு, ரிட்டயர்டு ஆளு, முட்டி போயிடுச்சு, இப்ப உக்காந்து பாக்குறதோட சரி, அவருதான் எனக்கு டபுள்ஸ் பாக்கவே சொல்லிக் குடுத்தாரு, அவருக்கும் இந்த மடல்ல ஒரு நன்றி இருக்கு. "ஸ்மாஷ் அடிக்கிறவன பாக்காத, அவன் அடிக்கும்போது முன்னாடி நிக்கிறவன் எங்க நகர்றான்னு பாரு"ன்னாரு. அப்படி பாக்க ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது, ஒரு இடது ஒரு வலது சேந்தா எந்த மூலைக்கு தூக்கினாலும் யாராவது ஒருத்தருக்கு ஃபோர்ஹேண்ட் மாட்டும், அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு பேரும் கண்ணால கூட பேசாம இடம் மாறிக்கணும், ஒரு எட்டு தப்பினாலும் ராக்கெட்டும் ராக்கெட்டும் மோதிக்கும். சுங்ஜே பின்னாடி போய் இடது கையால எறக்கும்போது வொன்ஹோ ஏற்கனவே நெட்டுகிட்ட ராக்கெட்ட தூக்கி வச்சிட்டு நிப்பான், திரும்பி வர்ற ஷட்டில் அங்கதான் வரும்னு யாரோ காதுல சொன்ன மாதிரி. கொரியால மூத்தவங்கள ஹியங்னு கூப்பிடுவாங்களாம், நம்ம அண்ணன் மாதிரியே. அண்ணன்னு கூப்பிடுறவன் கிட்ட தோத்துட்டு அதே தம்பிக்கு பின்னாடி நின்னு அடிச்சுக் குடுக்குற மனசு இருக்கே, அதுக்குத்தான் சுங்ஜே அண்ணே இந்த நன்றி.

2025 ஆகஸ்ட் 31, வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஃபைனல். எங்க நடந்துச்சுன்னா அதே பாரிஸ், அதே போர்ட் தெ லா ஷப்பெல் அரங்கம். ஒருத்தன் வாந்தி எடுத்த எடம், இன்னொருத்தர் வெறுங்கையோட போன எடம். செமில நம்ம சாத்விக், சிராக்க தோக்கடிச்சு வந்த சீனாவோட சென் போயாங், லியூ யி ஜோடிய 21-17, 21-12ல முடிச்சாங்க. எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க, வந்துச்சுதான்.

அம்மா கதைல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அந்தப் பேருங்க. 2025 தொடக்கத்துல கொரியா பேட்மிண்டன் சங்கத்துக்கு தலைவரா ஜெயிச்சு வந்தவரு கிம் டாங்மூன், அம்மா கூட அட்லாண்டால தங்கம் வாங்கின அதே பார்ட்னர். ஏப்ரல்ல நேஷனல் டீம் ஹெட் கோச்சா வந்தவரு பார்க் ஜூபாங், அம்மா கிட்ட அந்த ஃபைனல்ல தோத்தவரு, நடுவுல இருபது வருஷம் ஜப்பான் டீம தூக்கி நிறுத்திட்டு ஊர் திரும்பினவரு. ஆக அம்மாவோட ஜோடி தலைவரு, அம்மாவோட எதிராளி வாத்தியாரு, மகனோட எதிராளி மகனுக்கு ஜோடி. கதைன்னு யாராச்சும் எழுதினா நம்பமாட்டோம். ரெண்டு பெரியவங்களுக்கும் கும்புடு.

செப்டம்பர்ல சைனா மாஸ்டர்ஸ் ஃபைனல்ல நம்ம பசங்க எதிர்ல வந்தாங்க, 21-19, 21-15னு வொன்ஹோ பக்கம் போச்சு. அன்னைக்கு வீட்டுல எனக்கு நல்ல திட்டு, தேசத் துரோகின்னு என் பையன் பேரே வச்சுட்டான், நான் ரெண்டு பக்கமும் கை தட்டினேன்டா பாவின்னாலும் கேக்கல. டிசம்பர்ல வருஷக் கடைசி வேர்ல்டு டூர் ஃபைனல்ஸ், பாரிஸ் ஒலிம்பிக் வெள்ளிக்காரங்க லியாங் வெய்கெங், வாங் சாங்க 21-18, 21-14, பதினொண்ணாவது டைட்டில். எந்த ஊர்ல? ஹாங்சோ.

இன்னும் ரெண்டே நன்றி. கொரியா மொழில வர்ற பேட்டிய எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு கூட வாய்ஸ் மெசேஜ்ல தமிழ்ல சொல்லி அனுப்புற தோழிக்கு, சீரியல் பாத்தே மொழி கத்துக்கிட்டவங்க, நீங்க இல்லன்னா எனக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். அப்புறம் அன்னைக்கு கதவத் தட்டின பக்கத்து வீட்டு அக்காவுக்கு, இப்ப அவங்களும் மேட்ச் இருந்தா டம்ளர் காபியோட வந்துடுறாங்க, யாரு எந்தக் கலர் சட்டைன்னு மட்டும் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.

2026ல நகோயாவுல அடுத்த ஏசியன் கேம்ஸ் வருது. ஃபைனல்ல ரெண்டு ஜோடியும் எதிரெதிர்ல நின்னா நீ யார் பக்கம்னு பையன் இப்பவே எழுதிக் குடுக்கச் சொல்லி பேப்பரும் பேனாவும் கொண்டாந்து வச்சிருக்கான். பேனா மூடிய இன்னும் தொறக்கல.