தாயைக் காட்டச் சொல், பார்வதி

குரோம்பேட்டை,
12.11.2025

அன்புள்ள பார்வதி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இன்லேண்ட் தாளின் ஓரங்களையும் விடாமல் நிரப்பி, கடைசி வரியை மடிப்புக்குள் செருகி எழுதும் பழக்கம் உனக்குப் பாளையங்கோட்டை விடுதியில் இருந்தபோதே உண்டு. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்ற வரியை என் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. சரோஜாவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம்; பத்திரிகை உனக்கும் வரும்.

இனி உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன். பேரனின் பிறந்தநாளுக்கு ஹஸ்கி குட்டி ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருப்பதாகவும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அது பார்த்த பார்வையில் மனம் கரைந்துவிட்டதாகவும், அடுத்த வாரம் முன்பணம் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. 2021இல் நானும் அப்படி ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்று கரைந்தவள். அந்தக் கதையை இதுவரை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. மகன்தான் அழைத்துப்போனான். சின்னக் கடை. வெளியே மீன் தொட்டிகள், உள்ளே கிளிக் கூண்டுகள், சுவரோரமாக நான்கு கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பெட்டியில் வெல்லக்கட்டி நிறத்தில் ஒரு லாப்ரடார் குட்டி தனியாகப் படுத்திருந்தது. மற்ற குட்டிகள் குதித்துக்கொண்டிருக்க, இது மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தாழ்த்திக்கொண்டது. எவ்வளவு சாது என்று நினைத்தேன். நோயின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து நாள் குட்டி, முதல் தடுப்பூசி போட்டாயிற்று என்றார் கடைக்காரர். எட்டாயிரம் ரூபாய். அதன் தாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் நல்ல இடம்மா" என்றார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், பார்வதி. நாற்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளின் அரைகுறைப் பதிலை ஏற்காதவள், அன்று ஏற்றுக்கொண்டேன்.

வெல்லம் என்றுதான் பெயர் வைத்தோம். மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. நான்காம் நாள் வாந்தி, பிறகு இரத்தமாகக் கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "யார் உங்களிடம் நாற்பத்தைந்து நாள் என்று சொன்னது? கடைவாய்ப் பற்கள் இன்னும் வெளியே வரவில்லையே, ஒரு மாதம்தான் இருக்கும்" என்றார். பார்வோ வைரஸ். தினமும் டிரிப்ஸ் ஏற்றினோம். அதன் முன்னங்கால் என் சுண்டுவிரல் பருமன். அதில் ஊசி குத்த இடம் தேட வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் என் மடியிலேயே போய்விட்டது.

மகன் கோபத்தோடு கடைக்குப் போனான். நானும் போனேன். கடைக்காரர் சண்டை போடவில்லை. முகம் கூட மாறவில்லை. "சரிம்மா, வேற குட்டி எடுத்துக்குங்க, காசு வேண்டாம்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே நீலக் கிண்ணம், அதே நிறத்தில் இன்னொரு குட்டி. பார்வோ கிருமி தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாமல் வேறு குட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று மருத்துவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை யாரும் கழுவியிருக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது அங்கே வேலை பார்த்த பையன் பின்னாலேயே வந்தான். பதினெட்டு வயது இருக்கும். குட்டிகள் எப்படி வருகின்றன என்று அவன்தான் சொன்னான். வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு தாய்களின் குட்டிகளை ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம். கழிந்து வைக்காமல் இருக்க அன்று தீனி போடுவதில்லையாம். ஒரு குட்டிக்கு நோய் இருந்தால் விடிவதற்குள் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் முன் உள்ள அந்தச் சில வாரங்களில்தான் குட்டிக்கு ஆபத்து அதிகம். அந்த வாரங்களில்தான் குட்டி பார்க்க மிக அழகாகவும் இருக்கும். கடைக்கு வேண்டியதும் அந்த வாரங்கள்தான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017இலும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இலும் மத்திய அரசு விதிகள் வகுத்தது. இரு தரப்பாரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. ஆனால் இந்த விதிகளுக்கெல்லாம் தாய்ச்சட்டமான 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில், முதல்முறை கொடுமை செய்தவருக்கு அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். இன்றும் அதுதான். ஒரு குட்டிக்கு எட்டாயிரம் வாங்குகிறவர் ஐம்பது ரூபாய்க்கு ஏன் பயப்பட வேண்டும்?

நீ உடனே என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அந்தக் குட்டி பாவம்தானே, நாம் வாங்காவிட்டால் அதன் கதி என்ன?" நானும் அதையே கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் பார்வதி, நாம் இரக்கத்தோடு கொடுக்கிற பணமும் ஆசையோடு கொடுக்கிற பணமும் கல்லாவில் ஒன்றாகத்தான் விழுகின்றன. நீ ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் பெட்டி காலியாகிறது. அதை நிரப்ப எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் சங்கிலியில் கிடக்கும் ஒரு தாய் மறுபடி சினையாக்கப்படுகிறது. அந்தத் தாயை நாம் பார்ப்பதே இல்லை. கண்ணாடி வழியாகத் தெரிவது குட்டியின் கண் மட்டும்தான்.

இங்கிலாந்தில் லூசி என்று ஒரு நாய் இருந்தது. கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் இனம். குட்டிகளை ஈன்று தள்ளுவதற்கென்றே வேல்ஸில் ஒரு பண்ணையில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 2013இல் மீட்டபோது, கூண்டிலேயே கிடந்து கிடந்து இடுப்பு இறுகிப்போய், முதுகெலும்பு வளைந்து, ரோமம் உதிர்ந்திருந்ததாம். மூன்று வருடம்தான் பிறகு வாழ்ந்தது. அதன் பெயரால் வந்த சட்டம் 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கடைக்காரரோ தரகரோ விற்கக் கூடாது. வளர்த்தவரிடம் நேரில் போய், பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரான்ஸிலும் 2024 முதல் கடைகளில் நாயும் பூனையும் விற்க முடியாது. இதைப் படித்தபோது, கடைக்காரரிடம் நான் கேட்டுவிட்டு விட்டுவிட்ட அதே கேள்வியை ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறதே என்று தோன்றியது.

அப்படியானால் பிரீடர்கள், அதாவது நாய் வளர்த்துக் குட்டி விற்பவர்கள், எல்லாரும் நல்லவர்களா? இல்லை. கடைக்குக் குட்டி அனுப்புகிறவர்களும் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் "வீட்டில் வளர்ந்த குட்டி" என்று போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு வெளியே கூடையோடு வந்து நிற்பவர்களும் உண்டு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். அது குட்டியின் வம்சத்தைச் சொல்லும், அது வளர்ந்த கொட்டகையைச் சொல்லாது. "ஹெவி போன்", "ஷோ குவாலிட்டி" என்றெல்லாம் அடுக்குவார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதே.

நான் கண்ட நல்லவரைப் பற்றிச் சொல்கிறேன். வெல்லம் போய் ஒன்றரை வருடம் கழித்து, அந்த மருத்துவரே செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். லாப்ரடார் வைத்திருப்பவர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி எடுப்பார்கள். அதற்கு முன் தாய்க்கும் தந்தைக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். வாசலில் நுழைந்ததுமே மூன்று நாய்கள் வந்து என் புடவையை முகர்ந்தன. குட்டிகள் கூடத்தில் பழைய போர்வைமேல் தாயோடு கிடந்தன. பக்கத்தில் மிக்ஸி ஓடுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், குட்டிகள் பயப்படவில்லை. மூன்றாவது வாரம் தொடங்கி மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதோடுதான் வாழ்நாள் முழுவதும் பயமில்லாமல் பழகும் என்று அந்த அம்மாள் சொன்னார். கண்ணாடிப் பெட்டியில் அந்த வாரங்களைக் கழித்த குட்டி எதோடு பழகும்?

பிறகு என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். வயது என்ன, முட்டி எப்படி, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் நாயை என்ன செய்வீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் மகன் பார்த்துக்கொள்வாரா? எனக்குச் சுருக்கென்றது. பெண் கேட்டுப் போன வீட்டில் கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். கடைசியில், "உங்களுக்குக் குட்டி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு வருடக் குட்டி இழுக்கிற இழுப்பில் என் இடுப்பு போய்விடுமாம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளைத் திருப்பி அனுப்பினார் பார், அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். ஐந்து வயதான மல்லிக்கு மூன்று ஈற்று முடிந்துவிட்டது, இனிக் குட்டி எடுக்கப்போவதில்லை, கருத்தடை செய்தாயிற்று, அமைதியான வீடு வேண்டும், வைத்துக்கொள்கிறீர்களா என்றார். பணம் வாங்கவில்லை. எப்போது முடியாமல் போனாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

மல்லி வந்த முதல் வாரம், பேத்தியின் பஞ்சுக் கரடியை வாயில் கவ்விக்கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்து, அதைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டது. நாங்கள் யாராவது பக்கத்தில் போனால் உறுமாது. கரடியை மட்டும் தாடைக்குக் கீழே இழுத்துக்கொள்ளும். கருத்தடைக்குப் பிறகும் சில நாய்களுக்குக் கொஞ்ச காலம் பொய்ச்சினை போல இருக்கும், சரியாகிவிடும் என்றார் மருத்துவர். சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு அன்பான வீட்டிலும் அதன் குட்டிகள் ஒவ்வொன்றாகக் கைமாறித்தான் போயிருக்கின்றன. இதை அந்த அம்மாளிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அதனால்தான் அடிக்கடி எடுக்க மாட்டேன்" என்றார். அவரிடமும் என்னிடமும் இதற்கு முழுமையான பதில் இல்லை.

பேரனுக்குக் கட்டாயம் நாய் வேண்டுமென்றால், முதலில் உங்கள் தெருவைப் பார். மழைக்கு ஒதுங்கும் குட்டிகள் அங்கே இருக்கும். இல்லை, இனம் தெரிந்த நாய்தான் வேண்டுமென்றால் ஹஸ்கி வேண்டாம். அது சைபீரியப் பனிக்கென்று இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறந்த உயிர். நாகர்கோவில் சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பேரன் பார்க்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவே நம் தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கையில், ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத இனங்களில் சேர்த்திருந்தது. விருதுநகர்ப் பக்கம் சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு நாயை வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. உனக்குச் சில மணி நேரப் பயணம்தான். ஓட இடம் வேண்டும் அதற்கு. உன் வீட்டுப் பின்னால் தென்னந்தோப்பு இருக்கிறதே. எங்கே போனாலும் தாயைக் காட்டச் சொல். வயிற்றடியில் பால் கட்டிய மடி தெரிகிறதா, குட்டிகள் அதனிடம் ஓடுகின்றனவா, அது கிடக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று பார். ஏதாவது காரணம் சொன்னால் எழுந்து வந்துவிடு. குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டால் உன்னால் வர முடியாது. அதனால் குட்டியைப் பார்க்கும் முன்பே கேள்.

மல்லிக்கு இப்போது எட்டு வயது. முகவாயில் நரை விழுந்துவிட்டது. இதை எழுதும்போது என் பாதத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டிருக்கிறது. கால் மரத்துப்போயிற்று, நகர்த்த மனம் வரவில்லை. சரோஜா மகள் கல்யாணத்துக்கு வரும்போது இங்கேயே தங்கு. பேரனையும் அழைத்து வா.

கடைக்குப் போவதற்கு முன் இன்லேண்டுக்குக் காத்திராமல் ஒரு போன் செய்.

உன்
மங்கை