இரட்டைப் பின்னல்

கோண்டாவில்,
செவ்வாய் இரவு

அன்பின் மகளுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். போன் இருக்கேக்க அப்பா ஏன் கடிதம் எழுதுறார் எண்டு நினைப்பாய். போனில நீ "ம்ம்", "ஓம்", "பிறகு எடுக்கிறன்" எண்டதுக்கு மேல கதைக்கிறேல்லை. பக்கத்தில ஆரோ நிண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு. அதால இதை அம்மாவின்ர தூள் பையோட சேர்த்து வைச்சு விடுறன். வாசிக்கேக்க தும்மல் வந்தால் என்னைத் திட்டாதை.

பார்சல் நாளைக்கு இரவு பஸ்ஸில ஏறுது. வியாழன் விடிய வெள்ளவத்தையில மாமி எடுப்பா, பின்னேரம் அவவின்ர பெடியன் விடுதி வாசலில கொண்டுவந்து தருவான். தூள் ஒரு கிலோ, ஒடியல் மா, எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, படம் கீறுற பிறஸ் துடைக்கக் கேட்ட என்ர பழைய சாறம். சாறத்தைத் தோய்ச்சுத்தான் வைச்சது. நேரத்துக்குச் சாப்பிடு. காலமை வெறும் தேத்தண்ணியோட ஓடாதை.

மாமி ஞாயிற்றுக்கிழமை கதைச்சவ. நீ இரண்டு மாதத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அங்க போனியாம். "பிள்ளை இரட்டைப் பின்னல் பின்னி, நீட்டுப் பாவாடை உடுத்து, றப்பர் செருப்போட, கையில ஒரு ஃபைலைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சரியான வடிவு. கொழும்புக்குப் போயும் எவ்வளவு அடக்கம்" எண்டு மெச்சினா. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம், பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாச்சு. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஏ.எல். கடைசிச் சோதினை முடிஞ்ச அண்டைக்கே, இனிப் பின்ன மாட்டன் எண்டு ரிபனை எல்லாம் அடுப்புக்குள்ள போட்டவள் நீ. தோளில பை இல்லாமல் படலையைத் தாண்டாதவள்.

மற்றது, கடற்காத்துக்குத் தாள் ஈரம் பிடிக்கும். நல்ல தாளை எல்லாம் பொலித்தீன் உறைக்குள்ள போட்டுக் கட்டிலுக்கு மேல வை, நிலத்தில வைக்காதை. பஸ்ஸில பேர்ஸை முன்னுக்குப் பிடி. நூறாம் நம்பர் பஸ்ஸில கொள்ளுப்பிட்டியில இறங்கினால் கிறீன் பாத் நடந்து போற தூரம்தான். இப்ப அது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கலையைப் பற்றி எழுதின எங்கட குமாரசுவாமி எண்டு நான் பெருமை அடிக்க, அவர் உங்களுக்கு மட்டுமோ சொந்தம் எண்டு நீ சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கு. கலா பொல எண்ட சித்திரச் சந்தை அந்த றோட்டிலதான் நடக்கிறது. 1993 இல தொடங்கினது. வாற வருசம் அங்க நிலத்தில படத்தை விரிச்சுக்கொண்டு இருப்பன் எண்டு சொன்னனி.

உன்ர சித்திர ரீச்சர் எழுதித் தந்த பட்டியல் இன்னும் பிரிஜ்ஜில ஒட்டினபடிதான். பார்ன்ஸ் பிளேசில ஹரி பீரிசின்ர வீடு, அதுக்குள்ள 1943 இல தொடங்கின 43 குழுவின்ர படங்கள். பொரளை கோதமி விகாரையில ஜோர்ஜ் கீற் 1939, 40 இல சுவர் முழுக்கத் தீட்டினது. நூதனசாலையில பொலன்னறுவை நடராசர். போய் முதல் மாதத்துக்குள்ள எல்லாத்தையும் பார்த்து முடிப்பன் எண்டு சிவப்புப் பேனையால திகதியும் போட்டு வைச்சிருக்கிறாய். ஒண்டுக்கும் போகேல்லை எண்டு மாமி சொன்னா. சனி, ஞாயிறிலும் "பச் கூட்டம்", கம்பஸில உன்ர வருசத்துப் பிள்ளையளின்ர கூட்டம் எண்டு சொன்னியாம்.

அந்த 43 குழு ஆக்கள் ஆர் எண்டு நீதான் எனக்குச் சொல்லித் தந்தனி. பழைய கலைச் சங்கம் இப்பிடித்தான் கீறவேணும் எண்டு சொன்னதைக் கேக்காமல், ஒரு பத்துப் பேர் எழும்பி வெளியில வந்தவை எண்டு. சொல்லேக்க உன்ர கண் பளபளத்தது. ஏன் இதை எழுதுறன் எண்டு தெரியேல்லை. எழுதிப் போட்டன், கிடக்கட்டும்.

உன்னை இங்க மருதனார்மடத்தில இருக்கிற நுண்கலைப் பீடத்தில சேரச் சொல்லி நான் எவ்வளவு மண்டாடினன். சைக்கிளில போய் மத்தியானம் வீட்டில வந்து சாப்பிட்டிருக்கலாம். சிங்களத்தில லெக்சர் கேட்டு முழுசத் தேவையில்லை. இல்லை, கொழும்புதான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டாய். நிண்டது பிழை எண்டு நான் சொல்லேல்லை. நீ கீறின தேர்முட்டிப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில மாட்டியிருக்கிறன். வாறவை எல்லாரும் ஆர் கீறினது எண்டு கேக்கினம். கேக்காதவைக்கும் நான் சொல்லுறன்.

நாங்கள் கொழும்புக்குப் போய் வந்த காலத்தில ஐ.டி.யும் பொலிஸ் பதிவும் இல்லாமல் லொட்ஜில ஒரு இரவு படுக்க ஏலாது. அந்தப் பயம் உனக்கு இல்லை எண்டு நினைச்சு நிம்மதியாய் இருந்தனான். பயம் வேற பக்கத்தால வரும் எண்டு யோசிக்கேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு எண்டு எழுதினனானோ? சாப்பிடு.

பிள்ளை, அந்தப் பின்னல் எனக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஃபைலும் தெரியும், றப்பர் செருப்பும் தெரியும். நான் கம்பஸில இரண்டாம் வருசம் படிக்கேக்க அந்த உடுப்புப் பட்டியலைப் புதுப் பிள்ளையளுக்கு வாசிச்சவன் நான். பெடியளுக்குக் கழுத்து மட்டும் பூட்டின சேட்டு, பெட்டையளுக்கு இரட்டைப் பின்னல், பை கொண்டுவரப்படாது. எடுப்பான குரல் எண்டு என்னைத்தான் முன்னுக்கு விடுவினம். எங்களுக்கு முந்தின பச் செய்தது, நாங்கள் செய்யாட்டில் அவங்கள் எங்களை மதியாங்கள் எண்டு ஒரு நியாயம் வைச்சிருந்தம்.

அந்த வருசம் வன்னியில இருந்து ஒரு பெடியன் வந்தவன். அவனுக்குத் திக்குவாய். அதை முதல் கண்டுபிடிச்சது நான்தான். சாப்பாட்டு அறையில கதிரைக்கு மேல ஏத்தி, பேரையும் ஊரையும் சொல்லச் சொன்னன். பேரின்ர முதல் எழுத்திலேயே நிண்டுபோனான். எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பு எனக்கு ருசிச்சுது, பிள்ளை. அடுத்த நாளும் ஏத்தினன். அதுக்கு அடுத்த நாளும். ஒருத்தரும் அவனை அடிக்கேல்லை. அடிக்கேல்லைத்தானே எண்டு சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டனான்.

மூண்டாம் கிழமை அவன் தகரப் பெட்டியோட பஸ் தரிப்பில இருந்தான். நான் சைக்கிளில போறன். என்னைக் கண்டிட்டு எழும்பி நிண்டு, "போட்டு வாறன் அண்ணை" எண்டான். திக்காமல் சொன்னான். நான் இறங்கேல்லை. பிறகு அவன் கம்பஸுக்கு வரேல்லை.

தம்பிக்கு நாலு வயசில வாய் திக்கேக்க நான் அவனை அதட்டினது உனக்கு மறந்திராது. நீதான் நடுவில வந்து நிண்டனி, அப்பா பொல்லாதவர் எண்டு சொல்லி அழுதனி. அம்மா நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சா. அவன் திக்கிற நேரம் எனக்கு அவன்ர முகம் தெரிஞ்சதில்லை, கதிரையில நிண்டவன்ர முகம்தான் தெரிஞ்சது. ஆரில கோபப்பட்டனான் எண்டு அப்ப சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இதை அம்மாவுக்குச் சொல்லாதை. சொன்னாலும் சரி.

நான் உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. மறுமொழி எழுதவும் வேண்டாம். ஆனால் தெரிஞ்சு வைச்சிரு: பகிடிவதைக்கு எதிரா 1998 இல 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, 2 வருசம் வரைக்கும் சிறை. அடி காயம் எண்டால் இன்னும் கூட. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வார்ட் பிளேசில கிடக்கு, அங்க முறைப்பாடு செய்யலாம். செய்தால் பச்சில இருந்து ஒதுக்குவினம், ஒருத்தரும் நோட்ஸ் தராயினம் எண்டதும் எனக்குத் தெரியும். அப்பிடி ஒதுக்கினவையில நானும் ஒருத்தன்.

இன்னொண்டு. அடுத்த வருசம் புதுப் பிள்ளையள் வருவினம். அந்த நேரம் உன்னை முன்னுக்கு விடுவினம். உனக்கும் என்ர குரல்தான்.

வெள்ளி இரவு பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்திட்டன். அம்மாவுக்கு ஓய்வூதிய அலுவல் எண்டு சொல்லியிருக்கிறன், மாமிக்குச் சொல்லேல்லை. சனி காலமை ஒன்பது மணிக்கு நூதனசாலை திறந்த உடன நடராசரைப் பார்த்திட்டு, முன்னுக்கு நிக்கிற பெரிய ஆலமரத்துக்குக் கீழ இருப்பன். கூட்டம் எண்டால் நீ வரத் தேவையில்லை. பின்னலோட வந்தாலும் சரி. நான் பின்னேரம் மட்டும் அங்கதான், இரவு பஸ்ஸில திரும்பிடுவன். உன்ர கொப்பியைக் கொண்டு வந்தால் அந்த மரத்தின்ர விழுதைக் கீறலாம், நான் சும்மா இருப்பன், கதை கேக்க மாட்டன்.

வடை 30 வைச்சது. மாமியின்ர பெடியன் தரேக்க எண்ணிப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா