பெர்செபோலிஸ்: சிற்பத்துக்கு முன் வடிகால்

ஈரான் பண்பாட்டு மரபு அமைச்சகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பண்டைப் பாரசீகப் பேரரசின் அரண்மனை நகரமான பெர்செபோலிஸின் பராமரிப்பு என்றாலே சிற்பத்தைத் துடைப்பதும் தூணுக்கு ஒட்டுப்போடுவதும்தான் முதலில் பேசப்படுகிறது. எங்கள் கோரிக்கை வேறு: முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

அதைக் கட்டத் தொடங்கிய பாரசீகப் பேரரசர் முதலாம் டாரியஸின் கொத்தர்கள் அப்படித்தான் செய்தார்கள். மாளிகை எழும்பும் முன்பே, அது நிற்கும் கல் மேடைக்கடியில் வடிகால் அமைத்தார்கள். அபதானா என்ற அரசவை மண்டபத்தின் சுடாத செங்கல் சுவருக்குள்ளேயே கூரைநீர் இறங்கச் செங்குத்துக் குழாய் விட்டு, உட்புறம் சுட்ட செங்கல் பதித்து நிலக்கீல் பூசினார்கள். கி.மு. 330-ல் அலெக்சாந்தர் காலத்துத் தீயில் கூரை போனது. பிறகு சுவர்களை மழை கரைத்தது. கல் வாசல்களும் சன்னல் சட்டங்களும் மட்டும் இன்று தனியாக நிற்பது அதனால்தான்.

ஆகவே மழைக்கு முன் ஆண்டுதோறும் வடிகாலைத் தூர்வாருங்கள். வெளிவாயிலிலிருந்து மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் கிளறிய மண் கீழே போய் அடைத்துக்கொள்ளும். வாரிய மண்ணில் பழம்பொருள் இருக்கலாம்; சலிக்காமல் கொட்டவேண்டாம்.

அடுத்தது கற்களின் இணைப்பு. சாந்தில்லாமல் கல்லோடு கல் பொருத்தி, இருமுனையும் விரிந்த பள்ளத்தில் இரும்புப் பட்டை வைத்து ஈயம் ஊற்றியிருக்கிறார்கள். பின்னாளில் உலோகத்துக்காக அவற்றைப் பெயர்த்த இடங்கள் குழிகளாகிவிட்டன. அதில் தேங்கும் நீர் குளிர்கால இரவில் உறைந்து, விரிந்து, கல்லைப் பிளக்கிறது. சிமெண்ட் வைத்து அடைப்பது மகா தவறு: அது சுண்ணாம்புச் சாந்தைவிட இறுக்கம், உப்பையும் கக்கும். சுண்ணாம்புச் சாந்து போதும். மேற்பரப்பை வெளிப்புறம் சரிவாக இழைத்துவிடுங்கள். பாசி படர்ந்த சிற்பத்தில் கம்பித் தூரிகை படவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை நிலத்தடியில் இருக்கிறது. பெர்செபோலிஸைச் சூழ்ந்த மர்வ்தஷ்த் சமவெளியில் பாசனத்துக்காக நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் அடுக்கு நசுங்கி நிலம் அமிழ்கிறது. பிறகு மழை பெய்தாலும் அது பழைய உயரத்துக்கு மீளாது. மேடையின் ஒரு பகுதி மலைப்பாறை, மறுபகுதி கொட்டி நிரப்பியது. இரண்டும் சமமாக அமிழாது. அபதானாவின் 72 தூண்களில் 13 நிற்கின்றன. உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். 2 மீட்டர் அகல அடிக்கல்லின் ஒரு விளிம்பு 1 சென்டிமீட்டர் இறங்கினாலே உச்சி 10 சென்டிமீட்டர் சாயும்.

பாறைப் பகுதியிலும் நிரப்பிய பகுதியிலும் நிலம் அமிழ்வதை அளக்க மட்டக்குறி ஆணிகள் பதித்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, அளவுகளைப் பொதுவில் வெளியிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் புதிய ஆழ்துளைக் கிணறுக்கு அனுமதி தரவேண்டாமென நீர்வளத் துறைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்களும் கல்வேலைக்காரர்களும்